செவ்வாப்பேட்டையில் ஒரு பிசிபி செய்ய என்ன ஆகும்?

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் புறநகர் ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரம் முன்பின்னாக சென்ட்ரல். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போனால் ரிச்சி தெரு. காப்பர் கிளாட் ஷீட், பெர்ரிக் குளோரைடு பாக்கெட், 0.8 மில்லிமீட்டர் டிரில் பிட் எல்லாம் அங்கே வாங்கிவிடலாம். ஊர் திரும்பி, வீட்டு அயர்ன் பாக்ஸையும் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் எடுத்துக்கொண்டால் இருட்டுவதற்குள் ஒரு சர்க்யூட் போர்டு, அதாவது பிசிபி, கைக்கு வந்துவிடும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சீனாவின் பெரிய பிசிபி நிறுவனங்கள் பத்துக்குப் பத்து சென்டிமீட்டரில் ஐந்து போர்டுகளை இரண்டு டாலருக்குச் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் காலம் இது. அப்படியிருக்க, வீட்டில் அமிலத்தோடு மல்லுக்கட்டுவதற்கு இன்னும் நியாயம் இருக்கிறதா? ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் அவரவருக்கு வசதியான கணக்கை மட்டுமே காட்டுகிறார்கள். முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

முதலில் செய்முறை. போர்டின் செம்பு முழுவதையும் வைத்துக்கொண்டு, வேண்டிய பாதைகளை (டிராக்குகளை) மட்டும் மறைத்து, மீதியைப் பெர்ரிக் குளோரைடு போன்ற ரசாயனத்தில் கரைத்தெடுப்பதே, அதாவது எட்ச் செய்வதே, வீட்டு முறை. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936-இல் இங்கிலாந்தில் ஒரு ரேடியோவுக்காக உருவாக்கிய அச்சுச் சுற்றுக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கு அச்சுக்கலை கைகொடுத்தது. நமக்கு லேசர் பிரிண்டரின் டோனர். டோனர் என்பது உருகக்கூடிய பிளாஸ்டிக் தூள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் சர்க்யூட்டைக் கண்ணாடி பிம்பமாக அச்சடித்து, செம்பின் மேல் கவிழ்த்து அயர்ன் செய்தால் அது செம்பில் ஒட்டிக்கொள்ளும். பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு எட்ச் செய்ய வேண்டியதுதான். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரைவதால் இதற்கு ஆகாது.

சொல்லும்போது இருக்கும் சுலபம் செய்யும்போது இருப்பதில்லை. முதல் வில்லன் ஜெராக்ஸ் கடை. அங்குள்ள கணினியில் பிடிஎஃப் திறந்தால், பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கும் அமைப்பு பெரும்பாலும் தானாகவே போட்டிருக்கும். 97 சதவீதமாகச் சுருங்கினால் கடிதத்தில் யாருக்கும் தெரியாது. நாற்பது கால் ஐசியில் தெரியும். ஒரு பக்கத்து இருபது கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர் வீதம் பத்தொன்பது இடைவெளிகள், மொத்தம் 48.26 மில்லிமீட்டர். அதில் மூன்று சதவீதம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். முதல் காலைத் துளையில் விட்டால் கடைசிக் கால் துளைக்கு வெளியே நிற்கும். போர்டைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி கடைக்கு நடக்க வேண்டியதுதான். வழவழப்புப் பேப்பர் ரோலரில் சிக்கும் என்று கடைக்காரர் மறுத்தால் அவரையும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது துல்லியம். எட்ச் செய்யும் திரவம் செங்குத்தாக மட்டும் அரிப்பதில்லை. டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் புகுந்து அரிக்கும். சாதாரண போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். அது முழுதும் கரைவதற்குள் டிராக்கின் இரு ஓரங்களிலும் ஓரளவு போயிருக்கும். தட்டை ஆட்டாமல் விட்டு, ஒரு மூலை கரையட்டும் என்று காத்திருந்தால் இன்னும் போகும். ஒரு மில்லிமீட்டர் டிராக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 0.3 மில்லிமீட்டரில் கவனம் வேண்டும். 0.2 என்றால் டோனரை நம்ப முடியாது. டிரை ஃபிலிம் ஒட்டி, யுவி வெளிச்சம் காட்டி, சலவை சோடாக் கரைசலில் டெவலப் செய்யும் முறைக்குப் போக வேண்டும். அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதற்குப் பிறகு அயர்ன் பாக்ஸ் எளிமையைப் பற்றிப் பேச முடியாது.

இதைவிடப் பெரிய குறை துளை. தொழிற்சாலை போர்டில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசியிருக்கும். மேல் டிராக்கும் கீழ் டிராக்கும் அதன் வழியே பேசிக்கொள்ளும். வீட்டில் அது முடியாது. இரண்டு பக்க போர்டு செய்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கம்பித் துண்டைச் செருகி இரு பக்கமும் ஈயம் வைக்க வேண்டும். ஐசி சாக்கெட்டுக்கு அடியில் அந்தத் துளை வந்துவிட்டால் அதுவும் முடியாது. உட்சுவரில் பிடிப்பு இல்லாததால், பாகத்தைக் கழற்றி மாட்டும்போது சால்டரிங் அயர்ன் சூட்டில், காலை ஒட்டும் செம்பு வட்டமான பேட் பிய்ந்துகொண்டு வரும். ஈயம் ஒட்டாமல் காக்கும் பச்சைப் பூச்சான மாஸ்க் இல்லாததால் பக்கத்துப் பேட்டுக்கு ஈயம் ஓடும். மாஸ்க் பூசலாம், யுவி விளக்கில் இறுகவைக்கலாம் என்பார்கள். பூசலாம்தான். ஆனால் அந்த இடத்தில் வேலையின் நோக்கமே மாறிவிடுகிறது: சர்க்யூட் செய்வது போய், போர்டு செய்வதே பொழுதுபோக்காகிவிடுகிறது. அப்படி ஒரு பொழுதுபோக்கு இருக்கக் கூடாதென்றில்லை. ஆனால் அதை மலிவான வழி என்று சொல்லக் கூடாது.

மலிவு என்ற வாதம் எனக்கு ஒருபோதும் புரிந்ததில்லை. ஷீட்டின் விலையையும் பெர்ரிக் குளோரைடு பாக்கெட்டின் விலையையும் மட்டும் கூட்டினால் மலிவுதான். கையடக்க டிரில், சற்றுச் சாய்ந்தாலே ஒடியும் கார்பைடு பிட்டுகள், பாழான ஷீட்டுகள், ஜெராக்ஸ் கடை நடை, கையுறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, இவற்றையும் சேர்த்துக் கூட்ட வேண்டாமா? எதிர்த்தரப்பின் கணக்கும் நேர்மையானதல்ல. அந்த இரண்டு டாலர் என்பது போர்டின் விலை மட்டுமே. கூரியர் கட்டணம், சுங்க வரி, கூரியர் நிறுவனத்துக்கு அடையாள ஆவணம் கொடுக்கும் அலைச்சல் எல்லாம் சேர்ந்தால் பல சமயம் கூலி சரக்கை விஞ்சிவிடும். நாட்டுக்குள்ளேயே குஜராத்திலும் பெங்களூருவிலும் ஒன்றிரண்டு போர்டுகளுக்கும் ஆர்டர் எடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆக ஒரே ஒரு சிறு போர்டு என்றால் வீட்டுச் செலவும் வெளிச்செலவும் அக்கம்பக்கம் வந்து நிற்கும். ஒரே மாதிரி போர்டு ஐந்து வேண்டும் என்றாலே வீடு தோற்றுவிடும்.

மலிவு என்ற வாதம் ஒரு காலத்தில் செல்லுபடியானது என்பதை மறுக்கவில்லை. 1969-இல் டெல்லியிலிருந்து வரத் தொடங்கிய எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ இதழ் தன் புராஜெக்ட் கட்டுரைகளில் பிசிபி வரைபடத்தை உண்மை அளவிலேயே அச்சிட்டு வந்தது. வாசகர் அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து நகலெடுத்து, ஷீட்டில் பெயின்டாலோ மார்க்கராலோ வரைந்து, எட்ச் செய்து கொள்ளலாம். 555 டைமரும் 7805 ரெகுலேட்டரும் ராஜாக்களாக இருந்த காலம் அது. பாகங்களெல்லாம் கால் நீட்டியவை, இடைவெளி தாராளம், கையால் வரைந்த கோடே போதும். ஒன்றிரண்டு போர்டுக்குத் தொழிற்சாலையில் போய் நின்றால் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். இன்று யுஎஸ்பி-சி சாக்கெட்டின் கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வருகின்றன. பல புதிய ஐசிகள் கால் நீட்டிய வடிவத்தில் வெளிவருவதே இல்லை. முறை அப்படியே இருக்க, பாகங்கள் சுருங்கிவிட்டன. இஎஸ்பி32 போன்ற சிப்புகளை ஏற்கனவே போர்டில் ஏற்றிய மாட்யூலாக வாங்கினால்தான் வீட்டு போர்டு இன்னும் பிழைக்கிறது. கடினமான பகுதியைத் தொழிற்சாலை செய்துவிடும். நாம் அதைச் சுற்றி ஒரு திண்ணை கட்டுகிறோம்.

இந்த மாற்றத்துக்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் அஷ்ஹர் ஃபர்ஹான், அழைப்புக்குறி வியூ2இஎஸ்இ, 2000-களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற சிற்றலை டிரான்ஸீவரை வடிவமைத்தார். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களை வைத்து, எவரும் வீட்டில் கட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதை வீட்டில் கட்டினார்கள். அதே வடிவமைப்பாளர் பின்னால் பிட்எக்ஸ்40-யையும் மைக்ரோபிட்எக்ஸையும் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, போர்டு தொழிற்சாலையில் தயாரானது, நுண்பாகங்கள் ஏற்கனவே ஒட்டப்பட்டிருந்தன. வாங்குபவர் செய்ய வேண்டியது வயர் இணைத்துப் பெட்டியில் பூட்டுவது மட்டும். கையால் கட்டுவதில் நம்பிக்கை உள்ள ஒருவரே அந்த முடிவுக்கு வந்தார் என்பது எனக்குக் கனமான சான்று.

ரேடியோக்காரர்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் அதைக் கற்பதில்லை. ரேடியோக்காரர்களில் பலர் எட்ச் செய்வதே இல்லை. செம்பு ஷீட்டை முழுசாகக் கிரவுண்டாக வைத்துக்கொண்டு, பாகங்களை அதன் மேல் அந்தரத்தில் கால் சேர்த்து ஈயம் வைப்பார்கள். பார்க்க அலங்கோலம். உயர் அதிர்வெண்ணில் பல சமயம் எட்ச் செய்த ஒற்றைப் பக்க போர்டைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கிரவுண்ட் எங்கும் அறுபடுவதில்லை. குறைந்த வேகச் சுற்றுகளுக்கு ரிச்சி தெருவில் டாட் போர்டு என்று கேட்டாலே கிடைக்கும் துளை போர்டு இருக்கிறது. ஆகவே எட்ச்சிங்கின் போட்டியாளர் சீனத் தொழிற்சாலை மட்டுமல்ல, டாட் போர்டும்தான். ஒன்றே ஒன்று செய்யப் போகும் புராஜெக்டில் டாட் போர்டை வெல்ல எட்ச் போர்டுக்குப் பெரும்பாலும் காரணமே இருப்பதில்லை. வைவாவில் அழகாகத் தெரியும் என்பது ஒரு காரணம் என்றால், இருக்கட்டும்.

இனி கல்வி. இங்கேதான் வீட்டு முறையின் வாதம் வலுவாக இருக்கிறது. ஒற்றைப் பக்கத்தில் ஒரு சர்க்யூட்டை ஒன்றையொன்று வெட்டாமல் ஓட்டிப் பார்த்தவருக்குப் பாகங்களை எங்கே வைப்பது என்ற விஷயம் பிடிபட்டுவிடும். பெர்ரிக் குளோரைடைச் சேமிக்க வேண்டும் என்ற கஞ்சத்தனத்திலேயே, வெற்றிடங்களை வெறுமனே கரைக்காமல் கிரவுண்டாக நிரப்பும் பழக்கம் வந்துவிடும். அது தொழிற்சாலை வடிவமைப்பிலும் நல்ல பழக்கம்தான். ஒரு மில்லிமீட்டர் அகல டிராக்கில் இரண்டு ஆம்பியர் போனால் வெதுவெதுப்பாகும், ஐந்து போனால் சுடும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, தொட்டுப் பார்ப்பது வேறு.

ஆனால் வேலைக்குப் போகும் இடத்தில் கேட்பது என்ன? தொழிற்சாலைக்கு அனுப்பும் ஜெர்பர் ஃபைல், டிரில் ஃபைல், வடிவமைப்பு விதிச் சோதனை, நான்கு அடுக்கில் எந்த அடுக்கு கிரவுண்ட் என்ற தெளிவு. பிரான்சில் ஒரு கல்லூரி ஆசிரியர் 1992-இல் தொடங்கி, பிற்பாடு செர்ன் ஆய்வகத்தின் ஆதரவும் பெற்ற கிகேட் மென்பொருள் இலவசம். அதில் இவ்வளவையும் கற்கலாம், ஒரு துளி அமிலமும் வேண்டாம். 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாய்க்கு அறிவித்த எலக்ட்ரானிக் பாகங்கள் உற்பத்தித் திட்டத்தில் பல அடுக்கு பிசிபியும் ஒரு குறிப்பிட்ட இலக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போக நினைக்கும் செவ்வாப்பேட்டை மாணவருக்கு, துளைக்குள் கம்பி செருகிய அனுபவம் அங்கே எவ்வளவு உதவும்? ஒருமுறை செய்து பார்த்தால் பயன் உண்டு. ஒவ்வொரு செமஸ்டரும் அதையே செய்தால் கற்றது திரும்பத் திரும்ப வருமே தவிர, புதிதாக ஒன்றும் சேராது.

இதுவரை எடை போட்டதில் வீட்டு முறை தோற்கவுமில்லை, ஜெயிக்கவுமில்லை. இனி வருவதுதான் தராசைச் சாய்ப்பது: தட்டில் மிஞ்சும் திரவம்.

பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஒற்றைப் பக்க போர்டில் இருக்கும் செம்பு 3.1 கிராம். மூன்றில் இரண்டு பங்கைக் கரைத்தால் 2 கிராம் திரவத்துக்குள் போகிறது. கேட்க அற்பம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்கிறது. அந்த 2 கிராமை 0.05 அளவுக்கு நீர்க்கச் செய்ய 40,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி மூன்று வந்தாலும் பத்தாது. ஒரு போர்டுக்கு! அரை லிட்டர் கரைசலில் ஐந்து போர்டு எட்ச் செய்தால் அதில் லிட்டருக்கு 20 கிராம் செம்பு இருக்கும். தொழிற்சாலைக் கழிவுநீரில் அனுமதிக்கப்படும் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராம். ஆறாயிரம் மடங்குக்கு மேல். செம்பு மனிதருக்குச் சிறிதளவு தேவையான சத்துதான். மீனுக்கும் பாசிக்கும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு.

செவ்வாப்பேட்டை மாதிரி ஊர்களில் செப்டிக் டேங்கும் போர்வெல்லும் ஒரே மனைக்குள் இருப்பது சகஜம். தெற்கே அரண்வாயல் பக்கம் கூவம் ஓடுகிறது. சென்னைக்குள் போய்ச் சாக்கடையாக மாறும் முன், இன்னும் ஆறாக இருக்கும் பகுதி அது. சிங்க்கில் ஊற்றினால் ஆயிற்று என்பவருக்கு முதலில் சிங்க்கே பதில் சொல்லும்: பெர்ரிக் குளோரைடு எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

சட்டமும் இதில் குழப்பமில்லாமல் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில், எலக்ட்ரானிக் தொழில் என்ற தலைப்பின் கீழ், பயன்படுத்திய எட்ச்சிங் ரசாயனங்கள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அப்படிப்பட்ட கழிவுகளை வாங்கிப் பக்குவப்படுத்திப் புதைக்கும் பொது வளாகம் இதே மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. ஆனால் அதன் கதவு உரிமம் பெற்ற தொழிற்சாலைகளுக்கானது. அரை லிட்டர் பாட்டிலோடு போய் நிற்கும் மாணவருக்கு அங்கே வரிசை கிடையாது. மாவட்டத்துக்குள்ளேயே வசதி இருந்தும் எட்டாத தூரம் என்றால் இதுதான்.

வீட்டிலேயே பக்குவப்படுத்தலாம் என்ற யோசனை உண்டு. பழைய இரும்புத் துருவலைப் போட்டால் இரும்பு கரைந்து செம்பு படியும், பிறகு சலவை சோடா போட்டு அமிலத்தன்மையை எடுத்தால் மீதி உலோகம் சேறாக அடியில் தங்கும், மேல்நீர் தெளிந்துவிடும். வேதியியல் சரி. ஆனால் தெளிவாகத் தெரிவதாலேயே நீர் 3 மில்லிகிராமுக்குக் கீழே வந்துவிட்டதென்று கண்ணால் சொல்ல முடியாது, அடியில் தங்கிய சேறும் எங்கேயாவது போயாக வேண்டும். இதைவிடப் புத்திசாலித்தனமான வழி, கரைசலையே கொட்டாதிருப்பது. பெர்ரிக் குளோரைடு செம்பைக் கரைக்கக் கரைக்கத் தன் பலத்தை இழக்கும். பாகுபோல் மந்தமானதும் கொட்டத் தோன்றும். குப்ரிக் குளோரைடு அப்படியல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மெடிக்கல் ஷாப் பெராக்சைடும் கலந்து முதல் போர்டு எட்ச் செய்தால், கரைந்த செம்பே அடுத்த போர்டுக்கு எட்ச் செய்யும் திரவமாகிவிடும். பலம் குறையும்போது மீன்தொட்டி ஏர் பம்பால் காற்று ஊதி, சிறிது அமிலம் சேர்த்தால் மறுபடி பச்சை நிறம் திரும்பும். வருடக்கணக்கில் ஓட்டலாம். குறை இல்லாமல் இல்லை: அமில ஆவி அறையில் உள்ள ஸ்குரூ டிரைவர், பிளையர் எல்லாவற்றையும் துருப்பிடிக்கச் செய்யும், பெராக்சைடைத் தாராளமாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமுள்ள வெளியிடம் இல்லாதவர் தொடவே கூடாது. கழுவும் நீரின் செம்பும் மிச்சம் இருக்கும். ஆனாலும் இரண்டில் பொறுப்பான வழி இதுதான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செலவுக்காக வீட்டில் பிசிபி செய்வதற்கு இன்று நியாயம் இல்லை. தரத்துக்காகச் செய்வதற்கு என்றுமே இருந்ததில்லை. நியாயம் மிஞ்சுவது ஒரே இடத்தில்: ஒற்றைப் பக்கம், கால் நீட்டிய பாகங்கள், அகலமான டிராக், டாட் போர்டால் தாங்க முடியாத மின்னோட்டம், அதுவும் கூரியருக்காகக் காத்திராமல் இன்றைக்கே வேண்டும் என்ற நிலை. ஒரு பவர் சப்ளை, ஒரு ரிலே போர்டு, பழுதான மோட்டார் கன்ட்ரோலருக்கு மாற்று. இவற்றுக்குச் செய்யலாம், கரைசலை வைத்துக்கொள்ள இடமும் பொறுமையும் இருந்தால். முதன்முறை கற்க விரும்புபவருக்கு ஒரு போர்டு. மற்றதெல்லாம் கிகேடில் வரைந்து வெளியே அனுப்ப வேண்டியவை.

இன்னொன்று கல்லூரிகள் செய்ய வேண்டியது. எலக்ட்ரானிக்ஸ் துறை லேபில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்து, மாணவர்கள் வீட்டில் செய்த எட்ச் திரவத்தையும் அதில் வாங்கிக்கொண்டு, நிரம்பியதும் முறைப்படி உரிமம் உள்ளவரிடம் ஒப்படைத்தால் போதும். ரசாயனக் கழிவுக்கு ஏற்கனவே கணக்கு வைக்கும் கெமிஸ்ட்ரி லேப் அதே வளாகத்தில் இருக்கிறது. தனி மாணவருக்குத் திறக்காத கும்மிடிப்பூண்டிக் கதவு நிறுவனத்துக்குத் திறக்கும்.

அதுவரை திரவத்தை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெர்ரிக் குளோரைடு கரைசல் பார்ப்பதற்கு கோலா நிறம். தடித்த பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வையுங்கள்.